காதில் விழுந்த சொல்

லிஸ்பன் நகரத்துக்குப் பக்கத்தில் குவெலூஸ் என்று ஓர் ஊர். அங்கே போர்ச்சுகல் ராஜகுடும்பத்துக்கு ஓர் அரண்மனை உண்டு. அரண்மனைக்குள் ஒரு கோயில். சுமார் 1780-இல் ஒரு நாள், அந்தக் கோயிலின் பிரசங்க மேடையில் ஓர் இளம் பாதிரியார் ஏறி நின்றார். எதிரே மகாராணி மரியா. ராணியைச் சுற்றிலும் பிரபுக்களும் சீமாட்டிகளும் பட்டும் பொன்னுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிரியாருக்கு வயது 24 இருக்கும். பிறந்தது கோவாவில், கண்டோலிம் என்ற கடலோரக் கிராமத்தில். ரோமாபுரி வரை போய் மதசாஸ்திரம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பெயர் ஜோஸே குஸ்தோதியோ தே ஃபரியா.

படித்த படிப்பெல்லாம் அந்த மேடையில் கைவிட்டுவிட்டது. தொண்டை வறண்டது. கால் நடுங்கியது. வாயைத் திறக்கிறார், சப்தம் வரவில்லை. சபையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது மேடைக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குரல், அங்கே வேறு யாருக்கும் புரியாத கொங்கணி பாஷையில், காதில் விழுந்தது. இவர்கள் அத்தனை பேரும் வெறும் கீரைதான், நறுக்கித் தள்ளு என்றது குரல். சொன்னவர் இளைஞரின் தகப்பனார். (அவரும் பாதிரியார்தான். கணவனும் மனைவியும் மனமொத்துப் பிரிந்து, அவர் குருவானவராகவும் அந்த அம்மாள் கன்னிமடத்திலுமாகப் போய்ச் சேர்ந்தது ஒரு தனி நாவலுக்குரிய விஷயம்.) அந்தச் சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, பயம் விட்டது. பிள்ளையாண்டான் தங்குதடையில்லாமல் பிரசங்கத்தைப் பொழிந்து தள்ளிவிட்டான்.

கோவாக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. அதனால் கொஞ்சம் உப்பும் புளியும் சேர்ந்துதான் இருக்கும். ஆனால் கதையின் சாரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் பாரிஸ் நகரத்தில், மனிதர்களைத் தூங்கவைத்துக் குணப்படுத்தும் வித்தையின் ரகசியத்தை முதலில் சரியாகச் சொன்னவர். ஒற்றைச் சொல் ஒரு மனிதனின் நடுக்கத்தை எப்படி நிறுத்திற்று என்ற கேள்வி அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை போலும்.

அவரைப் பிடித்துக்கொண்ட அந்தப் பயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். புலியைக் கண்டு பயப்படுவது வேறு. அங்கே ஓடுவதற்குக் கால் இருக்கிறது, ஓடுவதற்குக் காரணமும் இருக்கிறது. இந்தப் பயம் அப்படியல்ல. சினிமாக் கொட்டகையிலோ, ரயில் பெட்டியிலோ, சாப்பிட்டுவிட்டுச் சும்மா ஈஸிச்சேரில் சாய்ந்திருக்கும்போதோ, திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூச்சு மேலுக்கும் கீழுக்குமாக வாங்கும். விரல் நுனிகள் மரத்துப் போகும். 'இதோ, செத்துப்போகப் போகிறோம்' என்று ஒரு நிச்சயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கால் மணியோ அரை மணியோ கழித்து வந்த வழியே போய்விடும்.

எனக்கு இது இரண்டு வருஷம் இருந்தது. முதல் தடவை வந்தபோது என்னைப் பரிசோதித்த ஒரு வைத்தியர், இருதயம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இருதயத்துக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் ஒன்றுமில்லாத மனிதன் எதற்காகப் பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்? அந்தக் கேள்விக்கு அவரிடம் நேரமில்லை. நான் வைத்தியம் படித்தவனல்ல, கதை எழுதுகிறவன். ஆகவே கதைகளைத் தேடிக்கொண்டு போனேன்.

இந்த வியாதிக்கு ஒரு பெயர் கிடைப்பதற்கே ரொம்பக் காலம் பிடித்தது. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்தபோது சிப்பாய்கள் பலர் மார்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டா கோஸ்டா என்ற டாக்டர் அவர்களைச் சோதித்தார். இருதயத்தில் ஒரு கோளாறும் தெரியவில்லை. 'எரிச்சல் கொண்ட இருதயம்' என்று பெயர் வைத்து 1871-இல் எழுதினார். பிறகு 1895-இல் வியன்னாவில் ஸிக்மண்ட் ஃப்ராய்டு, நெஞ்சடைப்பு, மூச்சுத் திணறல், வியர்வை, நடுக்கம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, இது நரம்புத் தளர்ச்சியல்ல, பயமே ஒரு நோயாக வருவது என்று பிரித்துக் காட்டினார். ஃப்ராய்டுக்கே ரயில் பிரயாணம் என்றால் உள்ளுக்குள் உதறல் உண்டு என்பதை அவருடைய கடிதங்களிலிருந்து அறிகிறோம். இப்போது வைத்தியப் புத்தகங்களில் வழங்கும் 'பானிக்' என்ற தனிப் பெயர், 1980-இல் அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் வெளியிட்ட அட்டவணையில்தான் உறுதிப்பட்டது.

பெயர் வைப்பதற்கு நூறு வருஷம் முன்னாலேயே ஒருவர் இந்தப் படபடப்பைக் கூட்டம் கூட்டமாக உண்டுபண்ணிக் காட்டியிருக்கிறார். அவர்தான் மெஸ்மர். வியன்னாவில் டாக்டர் தொழில் பார்த்தவர், 1778-இல் பாரிஸுக்கு வந்து கடை விரித்தார். பிரபஞ்சம் முழுவதும் ஒரு சூட்சுமமான திரவம் ஓடுகிறது, அது உடம்பில் தடைப்பட்டால் வியாதி, ஓட்டத்தைச் சரிசெய்தால் குணம் என்பது அவர் சித்தாந்தம். ஒரு பெரிய மரத்தொட்டி. அதிலிருந்து இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நோயாளிகள் சுற்றி உட்கார்ந்து கம்பியை உடம்பில் வலிக்கும் இடத்தில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் மெல்லிய வாத்திய இசை. சற்று நேரத்தில் ஒரு சீமாட்டி அலறுவாள். இன்னொருத்திக்கு வலிப்பு மாதிரி கை கால் இழுக்கும். மற்றவர்களையும் அது தொற்றிக்கொள்ளும். அந்த உச்சநிலை வந்தால்தான் குணம் என்று மெஸ்மர் சொன்னார். நம் ஊரில் பம்பையும் உடுக்கையும் அடித்துச் சாமியாட வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட அதிகம் இராது.

1784-இல் பிரெஞ்சு அரசர் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். மின்னலைப் பட்டம் விட்டுப் பிடித்த பெஞ்சமின் ஃப்ராங்ளின், ரசாயன சாஸ்திரி லவாஸியே, தலைவெட்டும் யந்திரத்துக்குப் பெயர் கொடுத்த டாக்டர் கில்லொட்டின் எல்லாரும் அதில் இருந்தார்கள். அந்தக் குழு செய்த பரீட்சைகளில் ஒன்று எனக்கு மறப்பதே இல்லை. ஃப்ராங்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் மெஸ்மரின் சீடர் டெஸ்லோன் 'சக்தி' ஏற்றிவைத்தார். 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு மரமாக அழைத்துப் போனார்கள். முதல் மரத்தடியில் அவனுக்கு வியர்த்தது, இருமினான். அடுத்தடுத்த மரங்களில் தலை சுற்றியது. நாலாவது மரத்தடியில் மூர்ச்சை போட்டு விழுந்தான். சக்தி ஏற்றிய மரமோ எங்கேயோ தள்ளி நின்றது!

'திரவமும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் கற்பனையின் வேலை' என்று குழு தீர்ப்புச் சொல்லிவிட்டது. விஞ்ஞான ரீதியில் அது சரியான தீர்ப்பு. ஆனால் அந்தப் பெரிய மனிதர்கள் ஒரு வாசலைத் திறந்துவிட்டு அதற்குள் எட்டிப் பார்க்காமலே போய்விட்டார்கள். வியர்வையும் தலைசுற்றலும் மூர்ச்சையும் வெறும் எதிர்பார்ப்பினால் வரும் என்றால், அதே எதிர்பார்ப்பைக் கொண்டு அவற்றைப் போகவும் வைக்கலாமே? கற்பனையே நல்ல மருந்தாக இருந்தால் அதையே கொடுத்தால் என்ன என்று டெஸ்லோனும் கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே வருஷத்தில், பூஸேகூர் என்ற ஒரு ஜமீன்தார் தம் கிராமத்தில் விக்டர் என்ற உழவனுக்கு மெஸ்மர் முறைப்படி சிகிச்சை செய்தபோது, வலிப்பு வரவில்லை. அவன் சாந்தமாகத் தூங்கிப்போனான். தூங்கிக்கொண்டே பேசினான், கேள்விக்குப் பதில் சொன்னான். ஆர்ப்பாட்டத்திலிருந்து அமைதிக்கு வந்த முதல் படி அது.

இங்கேதான் நம் கோவாப் பாதிரியார் மறுபடியும் வருகிறார். லிஸ்பனிலிருந்து 1788-இல் பாரிஸுக்கு வந்த ஃபரியா, பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில் அடிபட்டு, ஊர் ஊராகப் போய் உபாத்தியாயம் பண்ணி, 1813-இல் மறுபடியும் பாரிஸில் க்ளிஷி வீதியில் ஓர் அறை பிடித்தார். தலைக்கு 5 பிராங்க் கட்டணம். தொட்டி இல்லை, கம்பி இல்லை, வாத்தியம் இல்லை. நாற்காலியில் உட்காரச் சொல்வார். கண்ணை மூடி மனத்தை ஒடுக்கிக்கொள்ளச் சொல்வார். பிறகு கனத்த குரலில் தூங்கு என்று ஒரு கட்டளை. பலர் தூங்கினார்கள், சிலர் தூங்கவில்லை. தூங்கியவர்களைக் காட்டி அவர் சொன்ன விளக்கம்தான் முக்கியம். என்னிடமிருந்து எந்தச் சக்தியும் இவர்களுக்குப் போகவில்லை, எல்லாம் இவர்களுக்குள்ளேயே இருக்கிறது, நான் சும்மா ஒரு தூண்டுகோல் என்றார். கூட்டம் சேர்த்துப் பணம் பண்ண வந்தவன் எவனும் இப்படிச் சொல்லமாட்டான். என்னிடம் சக்தி இல்லை என்று சொல்லுகிற மந்திரவாதியிடம் யார் தாயத்து வாங்குவார்கள்?

பாரிஸ்காரர்கள் அவரைப் படுத்தியபாடு கொஞ்சமல்ல. நடிகன் ஒருவன் தூங்குகிற மாதிரிப் பாசாங்கு செய்து, நடுவில் விழித்துக்கொண்டு கேலி செய்தான். அவரைப் பரிகாசம் பண்ணி 1816-இல் ஒரு நாடகமே போட்டார்கள். அவர் பாட்டுக்கு ஒரு புத்தகம் எழுதினார். அது வெளிவந்த 1819-ஆம் வருஷமே பக்கவாதத்தில் இறந்துபோனார். அலெக்ஸாந்தர் டூமா தம்முடைய 'மாண்டி கிறிஸ்டோ' நாவலில் சிறைக்குள் சுரங்கம் தோண்டும் கிழப் பாதிரியாருக்கு அவர் பெயரை வைத்தார். ஊர் உலகத்துக்கு அந்தப் பொய் ஃபரியாதான் தெரியும். நிஜ ஃபரியாவுக்குப் பணஜியில், பழைய தலைமைச் செயலகத்தை ஒட்டி, 1945-இல் ஒரு சிலை வைத்தார்கள். சாய்ந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் மேல் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். பார்க்கிறவர்களுக்கு அந்தக் கையிலிருந்து ஏதோ பாய்கிறது என்றுதான் தோன்றும். எது இல்லையென்று சாதித்தாரோ அதையே அவர் கையில் வடித்துவைத்திருக்கிறது சிற்பம்!

அந்த நிலைக்கு ஃபரியா கொடுத்த பெயரைத் தமிழில் சொல்வதானால் 'தெளிந்த தூக்கம்' என்று சொல்லலாம். நமக்கு அதைவிட அழகான சொல் ஏற்கனவே இருக்கிறது: அறிதுயில். பாற்கடலில் பெருமாள் கொள்ளும் துயில். தூங்குவது போலத் தோன்றும், உள்ளே சகலமும் தெரியும். 1841-இல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் ப்ரெய்டு என்ற ஸ்காட்லாந்து டாக்டர் இதே நிலையை ஆராய்ந்து, கிரேக்கர்களின் நித்திரா தேவனான ஹிப்னாஸ் பெயரால் ஹிப்னாடிஸம் என்ற சொல்லை நிலைநிறுத்திவிட்டார். அவர் பரீட்சை செய்த விதம் வேடிக்கையானது. சொந்த மனைவியைச் சர்க்கரைக் கிண்ணத்தின் மேலிருந்த சித்திரத்தை வைத்த கண் வாங்காமல் பார்க்கச் சொன்னார். சில நிமிஷங்களில் அம்மாளுக்குக் கண் செருகிவிட்டது. காந்தமும் இல்லை, திரவமும் இல்லை, கவனத்தை ஒன்றில் குவிப்பதுதான் சூட்சுமம் என்று கண்டுகொண்டார். ஆனால் பிற்பாடு, இது தூக்கமே அல்ல, ஒரே எண்ணத்தில் மனம் நிற்கும் நிலை என்று தெளிந்து பெயரை மாற்றப் பார்த்தார். முடியவில்லை, ஊர்வாயில் விழுந்த பெயர் விழுந்ததுதான். அறிதுயில் என்ற சொல் அவருக்குத் தெரிந்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திராது.

நம் தேசத்திலும் இது பெரிய அளவில் நடந்தது. வங்காளத்தில் ஹூக்ளியில் எஸ்டெயில் என்ற டாக்டர் 1845 ஏப்ரல் 4-ஆம் தேதி ஒரு கைதியைத் தூங்கவைத்து வலி தெரியாமல் அறுவை செய்தார். அடுத்த வருஷம் கல்கத்தாவில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. மணிக்கணக்காக நோயாளியின் மேல் கையை ஓட்டி ஓட்டித் தூங்கவைத்தவர்கள் அங்கிருந்த இந்திய உதவியாளர்கள்தான். பெயர் எஸ்டெயிலுக்கு, கைவலி அவர்களுக்கு. ஈதரும் குளோரோஃபாரமும் வந்ததும் அந்த அத்தியாயம் முடிந்துபோயிற்று. நம் விஷயம் வலி அல்ல, பயம். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

பயத்துக்கு இது எப்படி மருந்தாகிறது? நான் பார்த்த விளக்கங்களிலேயே மிகத் தெளிவானது எமில் கூவே என்ற மருந்துக்கடைக்காரர் சொன்னது. பிரான்ஸில் நான்ஸி என்ற ஊரில், லியேபோ என்ற ஏழைபங்காளரான டாக்டரும் பெர்ன்ஹைம் என்ற பேராசிரியரும், சொல்லினால் மனத்தில் ஏற்றும் கருத்துத்தான் ஹிப்னாடிஸத்தின் உயிர் என்று நிறுவினார்கள். ஃப்ராய்டுகூட 1889-இல் அங்கே போய்ப் பார்த்தார். பிற்பாடு இந்த முறையைக் கைவிட்டுத் தம் வழியே போய்விட்டார். லியேபோவிடம் பாடம் கேட்ட கூவே ஓர் உதாரணம் சொல்வார். ஒரு பலகையைத் தரையில் போட்டால் யார் வேண்டுமானாலும் அதன்மேல் நடந்துவிடுவார்கள். அதே பலகையைக் கோபுர உயரத்தில் போட்டால் இரண்டு அடி வைப்பதற்குள் நடுங்கும். பலகை அதேதான், கால் அதேதான். விழுந்துவிடுவோம் என்ற சித்திரம் மனத்தில் வந்துவிட்டது, அவ்வளவுதான். 'விழமாட்டேன், விழமாட்டேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல விழுவது நிச்சயமாகிறது. மன உறுதியும் கற்பனையும் மல்லுக்கு நின்றால் கற்பனைதான் ஜெயிக்கும் என்பது அவர் கட்சி.

இதைப் படித்தபோது நான் பாலத்தின் நடுவில் நின்றது எனக்குப் புரிந்தது. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. 'ஆபத்து' என்று மனம் அர்த்தம் பண்ணுகிறது. அந்த அர்த்தத்துக்குப் பயந்து உடம்பு இன்னும் வேகமாக ஓடுகிறது. மூச்சை வேகமாக இழுத்து இழுத்து விடுவதால் ரத்தத்திலிருக்கும் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது. 'பார்த்தாயா, நான் சொன்னேனே!' என்கிறது மனம். செக்குமாடு மாதிரி இப்படியே சுற்றல். பயப்படாதே என்று அதட்டுவது சாட்டையடி. மாடு இன்னும் வேகமாகத்தான் சுற்றும். அறிதுயில் செய்கிற காரியம் நுகத்தடியைக் கழற்றிவிடுவது. கவனத்தை ஒரு புள்ளிக்குக் கொண்டுவந்து, மூச்சை நிதானப்படுத்தி, உடம்பு கனக்கிறது, தளர்கிறது என்ற சித்திரத்தை மனத்தில் விரித்தபிறகு, அதே பாலத்தை, அதே ரயில்பெட்டியைக் கற்பனையில் மெதுவாகக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நெஞ்சு அடித்தால் அடிக்கட்டும், அடித்துவிட்டு அடங்கும் என்ற பாடம் அங்கே ஏறுகிறது. நாலைந்து தடவை வைத்தியர் துணையோடு பழகினபிறகு, நோயாளி தனியாகவே அதைச் செய்துகொள்ளக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அதையும் கூவே அந்தக் காலத்திலேயே செய்தார். 20 முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. காலையிலும் இரவிலும் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, நாளுக்கு நாள் தேறி வருகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை முடிச்சுக்கு ஒரு தடவை முணுமுணுக்கவேண்டும். ஜபமாலை உருட்டும் தேசத்துக்கு இதில் புதுமை என்ன? படித்தவர்கள் சிரித்தார்கள்; ஜனங்கள் திரண்டார்கள். 1932-இல் பெர்லின் டாக்டர் ஷூல்ட்ஸ் இதையே இன்னும் ஒழுங்குபடுத்தி, கை கனக்கிறது, கை வெதுவெதுப்பாக இருக்கிறது என்று படிப்படியாக உடம்பைத் தணிக்கும் பயிற்சியாக்கினார். இன்றும் பல தேசங்களில் அது நடக்கிறது. உலகத்துக்குச் சாந்தம் கற்றுக்கொடுத்த இந்த மனிதர், நாஜி ஆட்சியில் பெரிய பதவியில் உட்கார்ந்து, மனவளர்ச்சி குன்றியவர்களைக் கொல்வதை ஆதரித்தார் என்பதையும் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. பயிற்சி நல்லது, செய்தவர் கை சுத்தமில்லை.

பிரிட்டிஷ் மருத்துவ சங்கம் 1955-இல் ஹிப்னாடிஸத்துக்கு ஒரு ஸ்தானம் உண்டென்று ஒத்துக்கொண்டது. அமெரிக்க சங்கம் 1958-இல். 2019-இல் இதுவரை நடந்த பல பரீட்சைகளைத் தொகுத்துக் கணக்குப் பார்த்தார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் சராசரி ஆளுக்கு ஏற்பட்ட நிவாரணம், பெறாதவர்களில் நூற்றுக்கு 79 பேருக்கு ஏற்பட்டதைவிட அதிகம் என்று வந்தது. வேறு மனோ சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் இன்னும் கூடுதல். அதற்காக மந்திரக்கோல் என்று நினைத்துவிடக் கூடாது. பயநோய்க்கு இன்று வைத்தியர்கள் முதலில் கையாள்வது, எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு வைத்தியமும், தேவையானால் மாத்திரையும்தான். அறிதுயில் அவற்றோடு கூட நடக்கும் துணை. எல்லாருக்கும் சமமாகச் சித்திப்பதும் இல்லை. நாவல் படிக்கும்போது அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் ஆழ்ந்துவிடுகிறவர்களுக்கு இது எளிதில் வரும் என்கிறார்கள். (என் வாசகர்களில் பெரும்பாலோருக்கு நம்பிக்கை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.) முதலில் இருதயத்தை ஒரு டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சித்தப்பிரமை உள்ளவர்களிடம் இதைப் பரீட்சிக்கக் கூடாது. மேடையில் ஆளைத் தூங்கவைத்து வெங்காயத்தைத் தின்னச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவரிடம் பயத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவே கூடாது.

ஒரு கதையை வேண்டுமென்றே பின்னுக்கு வைத்திருந்தேன். 1897 மார்ச் மாதம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் ஒரு கச்சேரி. செர்கே ராக்மானினோஃப் என்ற வாலிபருக்கு அப்போது இன்னும் 24 வயது நிறையவில்லை. அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறுகிறது. நடத்தியவர் கிளாஸுனோஃப் என்ற பெரிய வித்வான். ஒத்திகை போதவில்லை, அவர் அன்றைக்குக் குடித்திருந்தார் என்றும் பிற்பாடு பேச்சு வந்தது. வாத்தியங்கள் ஒன்றை ஒன்று விட்டுவிட்டு ஓடின. இயற்றியவர் அரங்கத்துக்குள் உட்காரமுடியாமல் மாடிப்படியில் காதைப் பொத்திக்கொண்டு ஒடுங்கியிருந்தார். மறுநாள் விமரிசகர் கூயி, நரகத்தில் ஒரு சங்கீதக் கல்லூரி இருந்தால் அங்கே பரிசு வாங்கக்கூடிய சரக்கு என்ற தோரணையில் எழுதிவிட்டார். பேனா பிடிப்பவர்களுக்குக் கொஞ்சம் கருணை இருந்தால் என்ன? அந்த சிம்பொனியின் வாத்தியப் பிரதிகளை, அவர் இறந்தபிறகு லெனின்கிராடில் கண்டெடுத்து 1945-இல் மாஸ்கோவில் வாசித்தார்கள். நல்ல படைப்பு என்று உலகம் ஒப்புக்கொண்டது. கேட்பதற்கு அவர் இல்லை.

அந்த இரவுக்குப் பிறகு சுமார் மூன்று வருஷம் அவருக்குச் சங்கீதம் இயற்ற முடியவில்லை. இதைப் 'பானிக்' என்று இன்றைய டாக்டர்கள் சொல்லமாட்டார்கள், மனச்சோர்வு என்பார்கள். ஆனால் காகிதத்துக்கு முன்னால் உட்கார்ந்தாலே தோல்வியின் சித்திரம் வந்து கையைக் கட்டிவிடுகிற அவஸ்தை, கூவேயின் பலகைக்கு ரொம்பத் தூரமில்லை. நண்பர்கள் அவரை டால்ஸ்டாயிடம் அழைத்துப் போனார்கள். பெரியவர் நாலு வார்த்தை தைரியம் சொல்வார் என்று நம்பிக்கை. டால்ஸ்டாய் பாட்டைக் கேட்டுவிட்டு, இப்படிப்பட்ட சங்கீதம் யாருக்காவது தேவையா என்று கேட்டுவிட்டார்! மகாத்மாக்களிடம் எல்லா நேரத்திலும் போய் நிற்கக்கூடாது.

1900 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ராக்மானினோஃப் மாஸ்கோவில் டாக்டர் நிகோலாய் டால் என்பவரிடம் தினந்தோறும் போனார். டாலும் சங்கீதப் பித்தர், வயோலா வாசிப்பவர். லண்டனுக்கு ஒரு பியானோ கான்செர்ட்டோ எழுதித் தருவதாக ராக்மானினோஃப் வாக்குக் கொடுத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அதையே பிடித்துக்கொண்டார். சாய்வு நாற்காலியில் அரைத் தூக்கத்தில் அவர் கிடக்க, நீ கான்செர்ட்டோவைத் தொடங்கிவிடுவாய், சிரமமில்லாமல் வரும், உயர்ந்ததாக அமையும் என்ற பொருளில் நாள் தவறாமல் காதில் போட்டுக்கொண்டே வந்தார். வெறும் ஹிப்னாடிஸமா, அல்லது சங்கீதம் தெரிந்த ஒரு நல்ல மனிதர் தினம் ஒரு மணி நேரம் பரிவாகப் பேசியதுதான் மருந்தா என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். நான் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே மாட்டேன். குவெலூஸ் அரண்மனையில் பேசியதும் தகப்பனாரின் குரலாக இருந்ததனால்தானே அந்தக் காதில் ஏறிற்று?

கோடைகாலத்தில் ராகங்கள் ஊற ஆரம்பித்துவிட்டன. அந்த வருஷம் டிசம்பரில் இரண்டாம், மூன்றாம் பகுதிகளை மாஸ்கோவில் அவரே வாசித்தார். 1901-இல் முழுவதும் அரங்கேறியது. இன்றைக்கு உலகத்தில் அதிகமாக வாசிக்கப்படும் பியானோ கான்செர்ட்டோக்களில் அது ஒன்று. முதல் பக்கத்தில் டாக்டர் டாலுக்கு சமர்ப்பணம் என்று போட்டிருக்கிறார்.

ரஷ்யாவில் ஆட்சி மாறியது. ராக்மானினோஃப் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். டால் 1925-இல் பெய்ரூட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே அமெரிக்க சர்வகலாசாலையின் வாத்தியக் குழுவில் மற்றவர்களோடு ஒருவராக வயோலா வாசித்துக்கொண்டிருந்தார். 1928-இல் அந்தக் குழு இதே கான்செர்ட்டோவை வாசித்ததாகச் சொல்கிறார்கள். வாசித்து முடிந்ததும், இது யாருக்கு சமர்ப்பணம் செய்யப்பட்டதோ அந்த மனிதர் இதோ வயோலாக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி சபைக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நிற்கும்வரையில் ஜனங்கள் விடவில்லை. கிழவர் எழுந்து, ஒரு தடவை தலை வணங்கிவிட்டு உட்கார்ந்தாராம்.